மலை ஏறி இறங்கும் காருக்கு ஒரு கணக்கு

கோத்தகிரி

அன்பு மகளுக்கு,

பெட்ரோல் எஞ்சினும் சிறு பேட்டரியோடு மின் மோட்டாரும் சேர்ந்த ஹைப்ரிட் கார் எடுக்கலாம் என்று மாப்பிள்ளை சொல்கிறார் என்றும், உன் மனம் மின்சாரக் காரில் நிற்கிறது என்றும் சொன்னாய். விலையைப் பார்க்கும் முன் உங்கள் ஓட்டத்தைப் பாருங்கள் என்பதே என் எண்ணம்.

சமவெளியில் மின்சாரக் கார் 100 கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 15 யூனிட் எடுக்கும். வீட்டு இணைப்பில் யூனிட் கூடக் கூடக் கட்டணமும் ஏறும் என்பதால் இலவச 100 யூனிட்டை இதில் சேர்க்காமல், யூனிட்டுக்குப் பத்து ரூபாய் என்றே வைத்தாலும் செலவு 150 ரூபாய்தான். லிட்டருக்கு 15 கிலோமீட்டர் தரும் பெட்ரோல் காருக்கு அதே தூரத்துக்கு 670 ரூபாயாவது ஆகும். ஆகவே பெட்ரோல் காரைவிட மின்சாரக் காருக்கு நான்கு லட்சம் கூடுதலாகக் கொடுத்தால், அந்தப் பணம் திரும்பக் கிடைக்க ஏறத்தாழ 80,000 கிலோமீட்டர் ஓட வேண்டும். மாதம் ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டுபவருக்கு ஆறரை ஆண்டுக்கு மேலாகும். கோவையிலிருந்து திருப்பூருக்கு நாள்தோறும் போய்வரும் மாப்பிள்ளைக்கு மூன்று ஆண்டுக்குள் முடிந்துவிடும்.

மின்சாரக் காருக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம். சிறிய பெட்ரோல் கார்களுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவீதமாகக் குறைந்திருப்பதால், பழைய விலைப்பட்டியலை நம்பாதீர்கள். நான்கு மீட்டர் நீளத்தைத் தாண்டும் ஹைப்ரிட் காருக்கு 40 சதவீதம்.

இனி நம் மலைக்கு வருகிறேன். மேட்டுப்பாளையத்திலிருந்து இங்கே ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரம் ஏற வேண்டும். 1,600 கிலோ எடையுள்ள காரை அவ்வளவு உயரம் தூக்குவதற்கு மட்டுமே ஆறரை யூனிட் ஆற்றல் தேவை. இறங்கும்போது பெட்ரோல் காரால் அதில் எதையும் சேமிக்க முடியாது. மின்சாரக் காரில் மோட்டாரே வேகத்தைக் கட்டுப்படுத்துவதால் ஏறக்குறைய பாதி பேட்டரிக்குத் திரும்பும். ஹைப்ரிட்டின் பேட்டரி ஒரு யூனிட் அளவுதான் என்பதால் வழியில் உள்ள குஞ்சப்பனை வருவதற்குள் நிரம்பிவிடும். அதன்பின் எஞ்சினும் பிரேக்கும்தான் தாங்க வேண்டும். திரும்பக் கிடைக்கும் மூன்று யூனிட்டின் விலை முப்பது ரூபாய்தான் என்றாலும், கொண்டை ஊசி வளைவுகளில் பிரேக் சூடேறாமல் நீங்கள் இறங்குவது எனக்கு அதைவிடப் பெரிது. அதற்காகவே, இங்கிருந்து புறப்படும்போது பேட்டரியை முழுவதும் நிரப்பாமல் 80 சதவீதத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள். நிறைந்த பேட்டரி இறக்கத்தில் எதையும் ஏற்காது. மார்கழிக் குளிரிலும் அது குறைவாகவே ஏற்கும், ஓடும் தூரமும் சற்றுக் குறையும்.

பேட்டரி பற்றி அம்மா பயப்படுகிறாள். பல நிறுவனங்கள் எட்டு ஆண்டுகள் அல்லது 1,60,000 கிலோமீட்டர் உத்தரவாதம் தருகின்றன. அதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

என் கவலையெல்லாம் உங்கள் அடுக்குமாடியைப் பற்றியே. வெளியில் விரைவு சார்ஜ் செய்தால் யூனிட்டுக்கு இருபது ரூபாய்க்கு மேலும் ஆகக்கூடும். அப்போது நான் சொன்ன மூன்று ஆண்டு நீண்டுவிடும். உங்கள் நிறுத்துமிடத்தில் தனி இணைப்பு வைக்கக் குடியிருப்போர் சங்கம் எழுத்து மூலம் சம்மதித்தால் மின்சாரக் காரையே எடுங்கள். மறுத்தால் மாப்பிள்ளை சொல்வதைக் கேள். சங்கத்தின் பதில் வரும்வரை முன்பணம் கட்டாதீர்கள்.

அன்புடன்,
அப்பா