மூன்றாவது ஆல்பம் வரை பொறுங்கள்: இசை நிறுவனங்களுக்கு ஒரு திறந்த மடல்

புதிய பேண்டுகளோடு ஒப்பந்தம் போடும் நிறுவனத்தாருக்கு,

வணக்கம்.

முதல் ஆல்பம் விற்கவில்லை என்றதும் பேண்டைக் கைகழுவிவிடும் வழக்கம் உங்கள் தொழிலில் இருக்கிறது. அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். எனக்கு வாத்தியம் எதுவும் வாசிக்கத் தெரியாது. ஆனால் டென்மார்க்கின் 'மியூ' பேண்டைப் பல வருடங்களாக விடாமல் கேட்டு வருகிறேன்.

கோபன்ஹேகனுக்கு வடக்கே ஹெல்லரூப் என்கிற புறநகரில் 1995-இல் தொடங்கிய பேண்ட் அது. யோனாஸ் பியெர்ரே பாடினார், கிதாரும் வாசித்தார். போ மேட்சென் கிதார், யோஹான் வோலர்ட் பேஸ், சிலாஸ் யோர்கென்சென் டிரம்ஸ். மேடையில் அவர்களுக்குப் பின்னால் திரையில் ஓடிய அனிமேஷன் படங்களும் யோனாஸின் கைவேலைதான். 1997-இல் முதல் ஆல்பம் வந்தது. போட்டது வெறும் 2000 பிரதிகள்.

அந்த எண்ணை மட்டும் பார்த்து யாராவது முடிவெடுத்திருந்தால்? நினைக்கவே பதறுகிறது.

2000-இல் இரண்டாவது ஆல்பத்தை 'ஈவில் ஆஃபீஸ்' என்று தங்களுக்கென ஒரு லேபிள், அதாவது இசை வெளியீட்டு நிறுவனம், வைத்து அவர்களே வெளியிட்டார்கள். அதற்குப் பிறகுதான் சோனியின் எபிக் லேபிள் வந்தது. இசைத் தயாரிப்பாளர் ரிச் காஸ்டியோடு சேர்ந்து உருவாக்கிய 'ஃப்ரெங்கர்ஸ்' 2003-இல் வெளியாகி, டென்மார்க்குக்கு வெளியேயும் அவர்களைக் கொண்டுபோனது. நண்பரும் இல்லை, அந்நியரும் இல்லை என்பவரைச் சொல்ல, இரண்டு ஆங்கிலச் சொற்களை ஒட்டி உண்டாக்கிய பெயர் அது.

நீங்கள் கவனிக்க வேண்டியது இனிமேல்தான். அந்த ஆல்பத்தின் பத்துப் பாடல்களில் பாதிக்கு மேல் பழைய பாடல்கள். முந்தைய இரண்டு ஆல்பங்களில் இருந்தவற்றை எடுத்துப் புதிதாகப் பதிவு செய்தார்கள். கிறிஸ்மஸுக்கு வீடு திரும்பும் ஒருத்தியைப் பற்றிய பாட்டு 1997-இலேயே இருக்கிறது. இரண்டு பதிவுகளையும் ஒரே இரவில் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள். அதே பாட்டுத்தான், ஆனால் அதைப் பாட ஆறு வருடம் கூடுதலாக வளர்ந்திருக்கிறார்கள். கடைசிப் பாட்டான 'கம்ஃபர்ட்டிங் சவுண்ட்ஸ்' ஏறக்குறைய 9 நிமிடம். ஒரு கிதாரும் குழந்தைக் குரல் போன்ற அந்த மெல்லிய குரலுமாகத் தொடங்குகிறது. குரல் ஓய்ந்த பிறகும் இசை நிமிடக்கணக்கில் ஏறிக்கொண்டே போகிறது. எத்தனை தடவை கேட்டாலும் அந்த இடத்தில் என் கை வேலையை நிறுத்திவிடும். இதுவும் 2000-ஆம் வருடத்து ஆல்பத்தில் இருந்த பாட்டுத்தான்.

வெறும் 2000 பிரதிகள் போட்ட அந்த முதல் ஆல்பத்தை 2006-இல் மறுபடி அச்சடித்து விற்க வேண்டி வந்தது.

உங்களிடம் இரண்டு விஷயங்கள் கேட்கிறேன். சின்ன பேண்டை எடுத்தால் மூன்று ஆல்பத்துக்கு எடுங்கள். அடுத்து, உங்களிடம் பதிவு செய்த பாட்டை இத்தனை வருடத்துக்கு வேறெங்கும் மறுபடி பதிவு செய்யக் கூடாது என்று ஒரு ஷரத்து போடுகிறீர்களே, ஒரு பேண்டை விட்டுவிடும் நாளிலேயே அந்த ஷரத்தையும் ரத்து செய்துவிடுங்கள். வேண்டாம் என்று நீங்கள் ஒதுக்கிய பாட்டை அவர்கள் வேறிடத்தில் இன்னும் நன்றாகப் பாடட்டும்.

இப்படிக்கு,
மியூ ரசிகன் ஒருவன்