சக்கையும் மின்சாரமும்: மொரீஷியஸ் நண்பனுக்கு

மதுரை
20 ஜனவரி 2026

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் மார்கழியிலேயே வந்துவிட்டது. அம்மாவுக்குக் கண்புரை அறுவை சிகிச்சை, மகளுக்குத் தலைப்பொங்கல் சீர் என்று அடுத்தடுத்து வேலை வந்ததில் உட்கார்ந்து எழுதப் பொழுது வாய்க்கவில்லை. அம்மா இப்போது நன்றாக இருக்கிறார். கட்டுப் பிரித்ததும் நாளிதழைக் கையில் எடுத்துவிட்டார். "மொரீஷியஸில் அவன் எப்படி இருக்கிறான், கடிதம் போட்டானா?" என்று கேட்டார். உன் கடிதத்தை அவரே படித்துவிட்டுத்தான் என்னிடம் கொடுத்தார்.

கோவில் கூரையில் சூரிய மின் பேனல் போடுவதா, பழைய மின்விசிறிகளை மாற்றுவதா என்று பேசிய கமிட்டிக் கூட்டத்தில் ஒரு பெரியவர் எழுந்து கேட்டதை எழுதியிருந்தாய். உலகம் விடும் புகையில் இந்தத் தீவின் பங்கு 0.01 சதவீதம்தான்; நாம் நாலு மின்விசிறியை மாற்றினால் கடல் மட்டம் இறங்கிவிடுமா என்று. அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. இறங்காது. உங்கள் தீவு நாளைக்கே விளக்கையெல்லாம் அணைத்துவிட்டாலும் இறங்காது. ஆனால் மின் சிக்கனத்தை உலகத்துக்குச் செய்யும் உபகாரமாக எண்ணும்போதுதான் அந்தக் கேள்வி வருகிறது. ஒரு சின்ன நாட்டுக்கு அது முதலில் சொந்தப் பணத்தைக் காப்பாற்றிக்கொள்ளும் வழி. என் உத்தியோகக் காலம் முழுவதும் நூற்பாலைகளின் மின் கணக்கைப் பார்த்தவன் என்ற முறையில் இதை அழுத்திச் சொல்கிறேன். அவரிடம் நீயும் அப்படியே சொல்.

அளவை வைத்துப் பார்ப்போம். உன் நாட்டின் பரப்பு 2,040 சதுர கிலோமீட்டர். நம் மதுரை மாவட்டமே அதைவிடப் பெரியது. 2011 கணக்கெடுப்பில் இந்த மாவட்டத்தில் 30 லட்சம் பேர். உங்கள் நாட்டில் மொத்தமே 13 லட்சத்துக்குள். வெயில் காலத்தில் ஊரெல்லாம் ஏசியைப் போட்டுக்கொள்ளும்போது தீவு முழுவதற்கும் தேவைப்படுவது 500 மெகாவாட்டுக்குக் கொஞ்சம் மேல். 2016இல் நம் கமுதிப் பக்கம் அமைத்த ஒரு சூரிய மின் நிலையத்தின் திறன் மட்டும் 648 மெகாவாட். இதைக் கேட்டதும் 'அப்படியானால் எங்களுக்கு வேலை சுலபம்' என்று தோன்றும். அங்கேதான் சிக்கல். கமுதியில் பொழுது சாய்ந்தால் நமக்கு அனல், காற்று, நீர் என்று வேறிடங்களிலிருந்து மின்சாரம் வரும். தமிழ்நாட்டில் குறைந்தால் வெளிமாநிலத்திலிருந்து வாங்கலாம். உங்களுக்குச் சுற்றிலும் கடல். கைமாற்றுக் கேட்க அக்கம்பக்கத்தில் ஆளில்லை. உச்ச நேரத்துக்கென்று ஒரு எண்ணெய் நிலையத்தை எப்போதும் தயாராக வைத்திருக்க வேண்டும். அந்த எண்ணெய்யும் நிலக்கரியும் கப்பலில் வர வேண்டும். விலையை டாலரில் எண்ணிக் கொடுக்க வேண்டும். உச்ச நேரத்தில் ஒரு வீட்டில் மிச்சமாகும் ஒரு யூனிட் அந்த டாலரில் கொஞ்சத்தை நாட்டுக்குள்ளேயே நிறுத்துகிறது. பெரியவருக்கு இந்தக் கணக்குப் புரியும். கடை நடத்தியவர் என்றுதானே எழுதியிருந்தாய்?

சென்ற வாரம் நடந்ததைச் சொல்கிறேன். பொங்கலுக்கு மண்டை வெல்லம் வாங்க அலங்காநல்லூர்ப் பக்கம் போயிருந்தேன். நாம் சைக்கிளில் போய்க் கருப்பஞ்சாறு குடித்த அதே சாலைதான். தகரக் கொட்டகைக்குள் கரும்பு பிழியும் ஆலை ஓடிக்கொண்டிருந்தது. தரைமட்டத்தில் பெரிய இரும்புக் கொப்பரை, அதற்குக் கீழே பள்ளத்தில் அடுப்பு. ஒரு அம்மாள் கவைக்கோலால் சக்கையை உள்ளே தள்ளிக்கொண்டே இருந்தார். ஒவ்வொரு தள்ளுக்கும் முதலில் கரும்புகை, அது தெளிந்த பிறகுதான் தழல். வெளியே களத்தில் காயப் போட்டிருந்த சக்கையைக் கையில் எடுத்து நசுக்கிப் பார்த்தேன். தை மாதப் பனியில் காயவே இல்லை, விரலெல்லாம் ஈரம். பிழிந்தவுடன் சக்கையின் எடையில் பாதி தண்ணீர்தான். அந்தத் தண்ணீரை ஆவியாக்கிய பிறகு மிஞ்சும் சூடுதான் பாகுக்குப் போகிறது. அதிலும் ஒரு பகுதி புகைபோக்கி வழியாக வானத்துக்கு. கொட்டகைக்காரர் விவரமானவர். புகை போகும் வழியில் இன்னொரு கொப்பரையை வைத்து, பச்சைச் சாற்றை அங்கே சூடேற்றிய பிறகுதான் பெரிய கொப்பரைக்கு விடுகிறார். "சக்கை மிச்சமாகுது, அதையும் விற்கிறேன்" என்றார். புத்தகத்தில் ஆற்றல் திறன் என்று எழுதுகிறார்களே, அந்தக் கொட்டகையில் அதைக் கண்ணால் பார்த்தேன்.

உன் தீவில் செய்ததும் அடிப்படையில் இதுதான், பெரிய அளவில். பழைய சர்க்கரை ஆலைகளில் பாய்லரை வேண்டுமென்றே மட்டமாக வைத்திருந்தார்கள் என்று உனக்குத் தெரியுமோ தெரியாதோ. சக்கை மலையாகக் குவிந்தால் கொட்ட இடமில்லை. எரித்துத் தீர்க்க வேண்டும் என்பதே நோக்கம். மொரீஷியஸில் 1957இலேயே செயின்ட் அந்துவான் ஆலை தன் உபரி மின்சாரத்தைப் பொது மின்கம்பிக்குக் கொடுத்தது. பிறகு படிப்படியாக 82 பார் அழுத்தப் பாய்லர் வரை போனார்கள்; நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தத்தைப் போல ஏறத்தாழ 80 மடங்கு. அழுத்தம் ஏற ஏற அதே சக்கையிலிருந்து கூடுதல் மின்சாரம். டர்பைனைச் சுழற்றிவிட்டு வெளியே வரும் நீராவியை வீணாக்காமல் அதைக் கொண்டே சாற்றைக் காய்ச்சுகிறார்கள். அப்படிப்பட்ட ஆலையில் ஒரு டன் கரும்புக்கு 100 யூனிட்டுக்கு மேல் வெளியே கொடுக்க முடிகிறது. கரும்பைத் தமிழ்நாட்டு, பீகார்க் கூலிகளின் கையால் நட்டு வளர்த்த ஒரு தீவு, அதன் சக்கையில் விளக்கேற்றிக்கொண்டது என்பதை நினைத்தால் எனக்கு உண்மையிலேயே பெருமையாக இருக்கிறது.

ஆனால் நீ கேட்டிருந்த 'குறைந்த புகை வளர்ச்சி' என்பது அந்தப் பெருமையோடு முடிந்துவிடவில்லை. கரும்பு வெட்டுவது ஆண்டில் பாதிக் காலம்தான். மீதிக் காலத்தில் அதே பாய்லருக்கு நிலக்கரி. சக்கையைக் காட்டி வாசலைத் திறந்தார்கள், நிலக்கரியும் கூடவே உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டது. ஐரோப்பியச் சந்தையில் சர்க்கரைக்குக் கிடைத்துவந்த உறுதியான விலை 2006க்குப் பிறகு படிப்படியாக 36 சதவீதம் வெட்டப்பட்டது. சிறு விவசாயிகள் கரும்பைக் கைவிட்டார்கள். சுதந்திரம் பெற்ற 1968ஐ ஒட்டி இருபதுக்கும் மேல் இருந்த ஆலைகள் இன்று மூன்றே மூன்று. கரும்பு குறைந்தால் சக்கை குறையும். சக்கை குறைந்தால் அந்த இடத்தை நிலக்கரி பிடித்துக்கொள்ளும். 2030க்குள் மின்சாரத்தில் 60 சதவீதம் புதுப்பிக்கத்தக்கதாக இருக்கும், நிலக்கரி முற்றிலும் நிற்கும் என்று உங்கள் அரசு அறிவித்தது. கைவசம் இருப்பது ஐந்தில் ஒரு பங்கை ஒட்டித்தான். காலம் நாலு வருடம்.

கரும்புக்காரனைக் கவனிக்காமல் இந்த இலக்கு நிறைவேறாது என்பது என் திடமான எண்ணம். அவன் நிலத்தில் விளைந்ததுதான் எரிபொருள். சர்க்கரைக்கு மட்டும் விலை கொடுத்துவிட்டு, சக்கையில் வரும் மின்சாரத்தின் லாபத்தை ஆலையோடு முடித்துக்கொண்டால் அவன் ஏன் கரும்பு நடுவான்? சக்கைக்கும் விவசாயிக்குப் பங்கு உண்டு என்று உங்கள் ஊரில் ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள். அந்தப் பங்கு உழைப்புக்குத் தக்கதாக உயர வேண்டும். இங்கே அலங்காநல்லூர் கூட்டுறவுச் சர்க்கரை ஆலை சில ஆண்டுகளாக அரவை இல்லாமல் நிற்கிறது. கரும்பு வரத்துக் குறைந்தது என்கிறார்கள். திறக்கச் சொல்லி விவசாயிகள் போராடிக்கொண்டிருக்கிறார்கள். ஒருமுறை கரும்பை விட்டுவிட்ட வயலை மறுபடி கரும்புக்குத் திருப்புவது எவ்வளவு கடினம் என்பதை நான் இங்கிருந்தே பார்க்கிறேன்.

2020இல் பவளப்பாறையில் மோதி நின்ற வகாஷியோ கப்பலிலிருந்து எண்ணெய் கசிந்தபோது நீ எழுதிய கடிதம் இன்னும் என் மேஜையில் இருக்கிறது. ஜனங்கள் கடற்கரையில் உட்கார்ந்து துணிப் பைகளில் கரும்புத் தோகையைத் திணித்துத் தைத்து, எண்ணெய்க்கு அணை போட்டதை எழுதியிருந்தாய். ஏறத்தாழ 1,000 டன் எண்ணெய். அதுவும் உங்களுக்காக வந்த கப்பல்கூட இல்லை, வழியே போனது. அந்தக் கடிதத்தைப் படித்த பிறகுதான் எண்ணெய்யை நம்பி வாழும் தீவின் நிலைமை எனக்கு உறைத்தது.

சரி, சிக்கனத்துக்கு வருகிறேன். உங்கள் நாட்டில் இதற்குச் சட்டம் இருக்கிறது: 2011இன் ஆற்றல் திறன் சட்டம். அதன்கீழ் தனி அலுவலகமும் இருக்கிறது. அதற்கு முன்பே, 2008இல், சூரிய வெப்பத்தில் வெந்நீர் போடும் கருவிக்கு மானியம் கொடுத்தார்கள். அதை நான் மிக நல்ல திட்டமாக மதிக்கிறேன். வெந்நீருக்காக மின்சாரத்தைச் செலவழிப்பதைப் போன்ற வீண் வேறில்லை. அதே ஆண்டில் கோடைக்குக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைத்தும் பார்த்தார்கள். காலை இருட்டில் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்ப வேண்டியிருக்கிறது என்று தங்கச்சி அப்போது வருத்தப்பட்டது எனக்கு நினைவிருக்கிறது. ஒரு கோடையோடு அதைக் கைவிட்டார்கள். ஜனங்களின் பொழுதோடு ஒட்டாத திட்டம் நிலைக்காது.

நூற்பாலைகளில் தணிக்கைக்குப் போகும்போது என் வழக்கம் ஒன்று உண்டு. சாப்பாட்டு இடைவேளையில் இயந்திரங்கள் நிற்கும் நேரமாகப் பார்த்து உள்ளே போவேன். இரைச்சல் அடங்கியதும் 'உஸ்ஸ்' என்று ஒரு சத்தம் கேட்கும். காற்றுக் குழாயின் இணைப்புகளில் கசிவு. காற்றை அழுத்தி அந்தக் குழாய்க்கு அனுப்பும் கம்ப்ரசர் இழுக்கும் மின்சாரத்தில் பத்தில் ஒரு பங்குதான் பயனுள்ள வேலையாகத் தேறும். மற்றது சூடாகப் போய்விடும். அந்தப் பத்தில் ஒன்றும் கசிந்து போனால் எப்படி? சோப்பு நுரையைத் தடவி, குமிழி வரும் இடத்தையெல்லாம் சுண்ணாம்பால் குறித்துவிட்டு வருவேன். வாஷர் மாற்றும் செலவு சொற்பம். ஆனாலும் முதலாளிகள் இந்தக் கசிவைப் பேசுவதைவிடக் கூரையில் பேனல் போடுவதைப் பற்றிப் பேசுவதிலேயே ஆர்வமாக இருப்பார்கள். பேனல் கண்ணுக்குத் தெரிகிறது, புகைப்படம் எடுக்கலாம். அடைத்த ஓட்டையை யாரும் புகைப்படம் எடுப்பதில்லை. தேசங்களும் இதே தவறைச் செய்கின்றன என்பதுதான் என் ஆதங்கம். எத்தனை மெகாவாட் புதிதாக நிறுவினோம் என்று அறிவிக்கிறார்கள். சிக்கனத்தால் எத்தனை மெகாவாட் தேவைப்படாமலே போனது என்று ஒருவரும் அறிவிப்பதில்லை.

உங்கள் கோவில் கூரைக்கும் இதுவே என் பதில். பேனல் போடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அதற்கு முன்னால் வீண் செலவைக் குறைத்துவிட்டால் பேனல் சின்னதாகப் போதும். மின்விசிறியைப் பற்றிக் கேட்டிருந்தாய். பழைய விசிறி 75 வாட் இழுக்கும். பிரஷ் இல்லாத மோட்டார் வைத்த புது பிஎல்டிசி விசிறி 30 வாட்டுக்குள். மண்டபத்தில் 30 விசிறி நாளுக்கு 10 மணி நேரம் ஓடினால் 13 யூனிட்டுக்கு மேல் மிச்சம். ஆனால் உங்கள் மண்டபத்து விசிறிகள் கல்யாணத்துக்கும் காவடிக்கும் மட்டும்தானே ஓடுகின்றன? அப்படியென்றால் போட்ட பணம் திரும்பப் பல வருடமாகும். அன்னதானக் கூடத்தின் பழைய ஃப்ரீசர் இரவு பகலாக ஓடுகிறது என்று எழுதியிருந்தாய். கை வைக்க வேண்டியது அங்கே. கதவு ரப்பரில் ஒரு தாளை வைத்துக் கதவை மூடி இழுத்துப் பார். தாள் சுலபமாக வந்துவிட்டால் ரப்பர் போய்விட்டது என்று அர்த்தம். எதை எடுத்தாலும் எத்தனை வாட் என்று மட்டும் பார்க்காமல் எத்தனை மணி நேரம் என்றும் கேள்.

ஊர்ச் செய்தி ஒன்று. மதுரை மெட்ரோ திட்டத்தை மத்திய அரசு நவம்பரில் திருப்பி அனுப்பியது. மக்கள்தொகை 20 லட்சத்தை எட்டவில்லை என்பதும் ஒரு காரணம். 13 லட்சம் பேர்கூட இல்லாத உன் நாட்டில், இந்தியாவின் நிதி உதவியோடு நம் நாட்டு நிறுவனம் போட்டுக்கொடுத்த மெட்ரோ எக்ஸ்பிரஸ் போர்ட் லூயியிலிருந்து கியூர்பைப் வரை ஓடுகிறது. அங்கே செய்தது இங்கே கூடாது என்றால் மனம் ஒப்பவில்லை. மாட்டுத்தாவணியிலிருந்து பெரியார் நிலையத்துக்குப் பஸ் நகரும் வேகத்தை நீ வரும்போது பார்ப்பாய்.

தைப்பூசத்துக்கு இந்த முறை நீ காவடி எடுப்பதாகத் தங்கச்சி அம்மாவிடம் தொலைபேசியில் சொன்னதாம். முழங்காலைப் பார்த்துக்கொள். விழா முடிந்ததும் கோவிலின் கடந்த 12 மாத மின் ரசீதுகளைப் படம் எடுத்து அனுப்பு. என்னென்ன கருவிகள், எத்தனை வாட், எத்தனை மணி நேரம் என்று உங்கள் இளைஞர்களை விட்டு ஒரு பட்டியலும் எழுதச் சொல். பம்பு மோட்டாரை எத்தனை முறை ரீவைண்டிங் செய்தார்கள், அதாவது உள்ளே இருக்கும் கம்பிச் சுருளைப் புதிதாகச் சுற்றினார்கள் என்பதையும் விசாரித்துச் சேர்க்கச் சொல். பேனல்காரரிடம் கையெழுத்துப் போடுவது அதற்குப் பிறகு இருக்கட்டும். பட்டியல் வந்த ஒரு வாரத்தில் கணக்குப் போட்டு அனுப்பிவிடுகிறேன்.

என்றும் உன்,
பழைய மாப்பிள்ளை