மக்கா, அது பள்ளிக்கூடம் இல்லை

மக்கா,

வாட்ஸ்அப்பில் எழுதினால் ஒரு கட்டைவிரலைப் போட்டுவிட்டுப் போய்விடுகிறாய். ஆனால் இந்தப் பக்கத்தில் நான் எழுதுவதை விடாமல் படிக்கிறாய் என்று உன் வீட்டுக்காரி சொன்னாள். அதனால் இங்கேயே எழுதுகிறேன். என்னிடம் படித்த பிள்ளைகள் இதைப் படிப்பார்கள், ஊர்க்காரர்களும் படிப்பார்கள். அதனால் அப்பாவின் ஆஸ்பத்திரி விஷயமும், கடன் யாரிடம் வாங்கினோம் என்பதும் இங்கே வராது. உனக்குத் தெரியும், அது போதும்.

போன வாரம் ஒரு பெண் என்னைத் தேடி வந்தாள். நாலு வருஷத்துக்கு முன்னால் என்னிடம் பிளஸ் டூ படித்தவள், இப்போது இஞ்சினியரிங் முடித்திருக்கிறாள். கையில் ஜெர்மனியிலிருந்து வந்த அட்மிஷன் கடிதம். "டீச்சர், இதுல அப்ளைடு சயின்சஸ்னு போட்டிருக்கு. இது யூனிவர்சிட்டிதானா, இல்ல வேற ஏதாவதா?" என்று கேட்டாள்.

உனக்கு ஜெர்மனியிலிருந்து வந்த கடிதத்தில் இருந்த அதே சொல். எனக்கு வாய் வரவில்லை. நாளைக்கு வா என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அன்றைக்கு ராத்திரி விடிய விடிய உட்கார்ந்து படித்தேன். நாலு வருஷத்துக்கு முன்னால், உனக்காகப் படித்திருக்க வேண்டியதை.

2021, ஆடி பிறந்து நாலைந்து நாள் இருக்கும். சாரல் விடவே இல்லை. பால்வெட்டு நின்றுபோய், இருந்த கொஞ்சம் ரப்பர் ஷீட்டும் காயாமல் உள்ளறையில் கயிற்றில் தொங்கிக் கிடந்தது. வீடு முழுக்க அந்தப் புளித்த வாடை. நீ குலசேகரத்தில் பிரின்ட் எடுத்து, பிளாஸ்டிக் கவரில் போட்டு, சட்டைக்குள் வைத்துப் பைக்கில் வந்தாய். தலையெல்லாம் ஈரம், கடிதத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. திண்ணையில் அப்பா, அம்மா, மாமா, மாமாவின் பையன். எந்த மாமா என்று எழுத மாட்டேன். நன்றாக இருக்கிறார், இதைப் படிக்கவும் செய்வார்.

மாமா பையன்தான் கடிதத்தின் மேல் இருந்த பெயரைப் போனில் தட்டிப் பார்த்தான். "ஹோக்‌ஷூலேன்னா ஹை ஸ்கூலாம்." மாமா சிரித்தார். "இஞ்சினியரிங் முடிச்சவன் ஹை ஸ்கூலுக்கா போறான்?" அப்புறம் கடிதத்தில் 90 என்ற எண்ணைப் பார்த்துவிட்டு, நூற்றுக்குத் தொண்ணூறா என்று கேட்டார். உன் ஏழரை கிரேடு அங்கே 2.5 ஆகிறது என்று நீ சொன்னதும் அம்மா முகம் விழுந்துவிட்டது. "ஏழரை எப்பிடி மக்கா ரெண்டரை ஆச்சு?" நீ விளக்க வாயெடுத்தாய். அதற்குள் மாமா என் பக்கம் திரும்பிவிட்டார்.

"நீ டீச்சராக்கும். நீ சொல்லு பிள்ளே, இது கொள்ளாமா?"

நான் சொன்னது ஒவ்வொரு எழுத்தும் நினைவிருக்கிறது. "இது மெயின் யூனிவர்சிட்டி இல்ல மாமா. நம்ம பாலிடெக்னிக் போல உள்ளதுதான்."

நீ என்னைப் பார்த்தாய், ஒன்றும் சொல்லவில்லை. கடிதத்தை ஏற்கெனவே இருந்த மடிப்பிலேயே மடித்து, கவருக்குள் வைத்து, உள்ளே இருந்த காற்றை உள்ளங்கையால் அழுத்தி அழுத்தி வெளியேற்றினாய். அந்தச் சத்தம் மழையையும் மீறி எனக்குக் கேட்டது. பதில் சொல்லக் கடிதத்தில் ஒரு கெடு போட்டிருந்தது. அது தாண்டியது. கார்த்திகையில் நீ கத்தாருக்குப் போனாய்.

எனக்குத் தெரியாது, மக்கா. தெரியாது என்று சொல்ல அந்தத் திண்ணையில் எனக்கு நாக்கு எழவில்லை. நம் வீட்டில் முதல் பட்டதாரி நான். தாலுகா ஆபீசில் முதல் பட்டதாரி சான்றிதழ் வாங்க அப்பா எத்தனை தடவை நடந்தார் என்று உனக்குத் தெரியும். அந்தச் சான்றிதழ்க்காரி எப்படி எல்லோர் முன்னாலும் முழிப்பாள்?

இப்போது சொல்கிறேன், கேள். ஜெர்மனியில் ஹோக்‌ஷூலே என்பது உயர்கல்வி நிறுவனங்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்து வைத்த பொதுப்பெயர். பல்கலைக்கழகமும் அதற்குள்தான் வரும். உயர்ந்த பள்ளி என்று சொல் சொல்லாக உடைத்தால் கிடைக்கிற அர்த்தத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. அதில் ஒரு வகைதான் உனக்கு இடம் கொடுத்தது, ஃபாக்ஹோக்‌ஷூலே. 1968-ல் அந்த நாட்டு மாநிலங்கள் ஒப்பந்தம் போட்டு, பழைய இஞ்சினியரிங் பள்ளிகளை எல்லாம் உயர்த்தி உண்டாக்கிய வகை. அதைத்தான் இங்கிலீஷில் அப்ளைடு சயின்சஸ் பல்கலைக்கழகம் என்கிறார்கள். அங்கே பேராசிரியர் ஆக முனைவர் பட்டம் மட்டும் பொதுவாகப் போதாது. ஐந்து வருஷம் தொழில் அனுபவம் வேண்டும், அதில் மூன்று வருஷமாவது கல்விக்கூடத்துக்கு வெளியே. ஆய்வேட்டைக் கம்பெனிக்குள்ளேயே உட்கார்ந்து எழுதுகிற மாணவர்கள் நிறைய. ஸ்கூட்டர் இஞ்சினைப் பிரித்துப் பரப்பி வைத்துக்கொண்டு சோறு வேண்டாம் என்று உட்கார்ந்திருப்பாயே, அந்த உனக்காகவே கட்டியது போல ஓர் இடம்.

பட்டத்திலும் குறை ஒன்றும் இல்லை. 1999-ல் 29 ஐரோப்பிய நாடுகள் போலோனியாவில் கையெழுத்திட்டதிலிருந்து தொடங்கியது இப்போதைய பேச்சிலர், மாஸ்டர் முறை. அதில் இந்த இடத்து மாஸ்டரும் பல்கலைக்கழக மாஸ்டரும் ஒரே தகுதிதான். பெரும்பாலான ஃபாக்ஹோக்‌ஷூலேக்கள் டாக்டர் பட்டத்தைத் தாங்களே தர முடியாது என்பது உண்மை. ஆனால் அங்கே மாஸ்டர் முடித்தவன் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சிக்குப் பதிய எந்தத் தடையும் சட்டத்தில் இல்லை.

பாலிடெக்னிக் என்று நான் சொன்னது முழுப் பொய்யும் இல்லை. இதை எழுதாமல் விட எனக்கு மனசு வரவில்லை. பின்லாந்தில் இதே வகை நிறுவனங்களுக்கு இங்கிலீஷில் ரொம்ப நாள் அந்தப் பெயர்தான் இருந்தது. இங்கிலாந்தில் பாலிடெக்னிக்குகள் பட்டப்படிப்பே நடத்தின, 1992-ல் அவை பல்கலைக்கழகங்கள் ஆகிவிட்டன. நம் ஊரில் அந்தச் சொல்லைக் கேட்டால் பத்தாம் வகுப்புக்கு மேல் மூன்று வருஷ டிப்ளமோ என்றுதான் யாருக்கும் தோன்றும். எனக்கும் தோன்றியது அதுதான். மாமாவுக்கும் அதுதான் விளங்கும் என்று தெரிந்தேதான் சொன்னேன். அதனால் இந்தச் சமாதானம் எனக்கே செல்லாது.

அந்த 90 மார்க் இல்லை, கிரெடிட். நம் நாட்டில் ஒரு செமஸ்டர் முழுக்க வாரம் ஒரு மணி நேரம் வகுப்பு என்றால் ஒரு கிரெடிட், செய்முறை என்றால் வாரம் இரண்டு மணி நேரம். அங்கே கணக்கே வேறு. வகுப்பு, வீட்டில் படிப்பது, அசைன்மென்ட், பரீட்சை எல்லாம் சேர்த்து மாணவன் போடுகிற உழைப்பை எண்ணுகிறார்கள். ஜெர்மனியில் பொதுவாக 30 மணி நேரம் ஒரு கிரெடிட், வருஷத்துக்கு 60. அப்படியானால் உன் 90 என்பது ஒன்றரை வருஷப் படிப்பு, 2,700 மணி நேரம்.

அம்மாவின் ரெண்டரைக்கும் கணக்கு போட்டேன். அங்கே 1 தான் உச்சம், 4 என்றால் ஒட்டிக்கொண்டு பாஸ். இங்கே உச்ச மார்க் பத்து, பாஸ் ஐந்து, நீ எடுத்தது ஏழரை. பத்தில் ஏழரையைக் கழித்தால் இரண்டரை. அதைப் பத்துக்கும் ஐந்துக்கும் உள்ள வித்தியாசத்தால் வகுத்தால் அரை. மூன்றால் பெருக்கி ஒன்றைக் கூட்டினால் 2.5. குறைந்து ஒன்றும் போகவில்லை. இதை ஒரு தாளில் போட்டு அம்மாவிடம் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "அப்போ அவன் நல்லாத்தான் படிச்சிருக்கான்" என்றாள். அந்தத் தாளை மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்திருக்கிறாள்.

பணம். பிளாக்டு அக்கவுன்ட் என்றதும் மாமா, பணத்தை அவன் முடக்கிக்கொள்வான், போனது போனதுதான் என்றார். நான் மறுக்கவில்லை. அது விசாவுக்காக உன் பெயரில் திறக்கிற கணக்கு. அந்த வருஷம் 10,332 யூரோ போட வேண்டும், மாதம் 861 யூரோ வீதம் உன் சாப்பாட்டுக்கும் வாடகைக்கும் உனக்கே திரும்பி வரும். அரசு நிறுவனங்களில் பெரும்பாலும் கல்விக் கட்டணமே கிடையாது. ஆனாலும் ஒன்பது லட்சத்துக்குப் பக்கம் முதலில் எடுத்து வைக்க வேண்டும். அது நம்மிடம் இல்லை. ரப்பர் விலையும் அப்பா இருந்த நிலையும் நீயும் பார்த்துக்கொண்டுதானே இருந்தாய்?

நீயும் ஒரு வார்த்தை பேசியிருக்கலாம், மக்கா. உனக்கு அப்போது 24 வயசு. அந்தக் கடிதத்தை விண்ணப்பத்திலிருந்து தொடங்கி மாசக்கணக்கில் தூக்கிக்கொண்டு அலைந்தவன் நீ. எனக்குத் தெரியாதது உனக்குத் தெரிந்திருந்தது. "அக்கா, நீ சொல்றது தப்பு" என்று சொல்ல உனக்கு என்ன தடை? பேசாமல் கவரை மடித்துவிட்டு, எல்லாப் பாரத்தையும் என் தலையில் வைத்துவிட்டுப் போனாய். மாசாமாசம் பணம் அனுப்புகிறாய், குரல் மட்டும் அனுப்புவதில்லை. உன் செமஸ்டர் ஃபீஸுக்காக நான் எம்.ஃபில்லைப் பாதியில் நிறுத்தினேன், நினைவிருக்கிறதா? பின்னால் முடித்துக்கொள்ளலாம் என்றிருந்தேன். 2022-ல் யுஜிசி அந்தப் பட்டத்தையே எடுத்துவிட்டது. இனி நான் நினைத்தாலும் முடிக்க முடியாது. அதை நான் உன்னிடம் ஒரு நாளாவது சொல்லிக் காட்டியிருக்கிறேனா?

இப்போது சொல்லிவிட்டேன். அழிக்க நினைத்தேன், அழிக்கவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது, இவ்வளவு பேர் படிக்கிற இடத்தில் எழுதத் தயக்கமாகத்தான் இருக்கிறது. நீ போகக் கூடாது என்று எனக்கு உள்ளுக்குள் இருந்தது. அப்பாவோடும் அந்த வீட்டோடும் நான் தனியாக நிற்க வேண்டி வரும் என்று பயந்தேன். அந்தச் சொல்லுக்கு அர்த்தம் தெரிந்திருந்தால் வேறு ஏதாவது சொல்லித் தடுத்திருப்பேனோ என்று கேட்டுப் பார்க்கிறேன். பதில் எனக்குப் பிடிக்கவில்லை. நீ எப்படியும் போனாய். நான் எப்படியும் தனியாகத்தான் நின்றேன்.

அந்தப் பெண் மறுநாள் அவள் அம்மாவோடு வந்தாள். மேலே எழுதியதெல்லாம் சொன்னேன். விசாவுக்கு முன்னால், நம் படிப்புச் சான்றிதழ்கள் சரிதானா என்று பார்த்துத் தருகிற ஏபிஎஸ் சான்றிதழ் வேண்டும் என்பதையும் சொன்னேன், உன் காலத்தில் அது கிடையாது, 2022 நவம்பரிலிருந்து கட்டாயம். பிளாக்டு அக்கவுன்டில் இப்போது 11,904 யூரோ. அவள் அம்மா முந்திரி ஆபீசில் வேலை பார்ப்பவள். ஒவ்வொரு தொகைக்கும் அவள் விரல் மடக்கினாள். கல்விக்கடனுக்கு நானும் கூட வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

உன் கடிதம் என் பீரோவில்தான் இருக்கிறது, அதே கவரில். நீ போன அன்று உன் மெத்தைக்கு அடியிலிருந்து எடுத்தேன்.

ஆடி ஞாயிறு அன்று மாமா வீட்டில் எல்லோரும் கூடுகிறார்கள். ஞாயிறு உனக்கு வேலை நாள் என்பதால் வெள்ளிக்கிழமைக்கு மாற்றச் சொல்லிக் கேட்டேன், சரி என்றுவிட்டார். அந்தக் கடிதத்தை எடுத்துப் போகிறேன். அன்றைக்குத் தெரியாமல் சொன்னேன் என்று அன்றைக்கு இருந்தவர்கள் முன்னாலேயே சொல்லப் போகிறேன். அப்பா மட்டும் இருக்க மாட்டார். இங்கே பதினோரு மணி, உனக்குக் காலை எட்டரை. அம்மா போனில் வீடியோ கால் போடுவேன். எடு மக்கா.

அக்கா