கையாடியவரின் நாற்காலியையும் விசாரியுங்கள்

மதிப்பிற்குரிய நிர்வாகக் குழுத் தலைவர் மற்றும் உறுப்பினர்களுக்கு,

வணக்கம். கோத்தகிரிப் பகுதியின் சிறு தேயிலை விவசாயிகளுடைய சேமிப்பையும் நகைகளையும் கொண்டு நடக்கும் நம் கூட்டுறவுச் சங்கத்தில், நகைக்கடன் பிரிவில் கையாடல் செய்த ஊழியரைப் பணியிடை நீக்கம் செய்திருக்கிறீர்கள், அது சரியே. ஆனால், தனிமனிதப் பேராசையே காரணம் என்று பேரவைக் கூட்டத்தில் கூறி விவாதத்தை முடித்துவிட்டதை ஏற்க இயலவில்லை.

பதவியில் இருக்கும் மதிப்புக்குரியவர்கள் தம் தொழில் வழியாகவே செய்யும் குற்றங்களைப் பற்றி 1939இல் பேசிய அமெரிக்கச் சமூகவியலாளர் எட்வின் சதர்லாண்ட், அவை உடன் பணிபுரிவோரிடமிருந்து கற்றுக்கொள்ளப்படுபவை என்றார். அவருடைய மாணவர் டொனால்ட் கிரெஸ்ஸி, கையாடலுக்காகச் சிறையில் இருந்தவர்களிடமே பேசி மூன்று காரணங்களைக் கண்டார்: வெளியே சொல்ல முடியாத பண நெருக்கடி, அதை யாரும் அறியாமல் தீர்க்கப் பதவி தரும் வாய்ப்பு, ‘கைமாற்றாகத்தான் எடுக்கிறேன்’ என்று மனத்துக்குச் சொல்லிக்கொள்ளும் சமாதானம். இவற்றுள் நெருக்கடி அந்த ஊழியருடையது. வாய்ப்பை அளித்தது யார்?

கடன் சீட்டு எழுதுவதும், பேரேட்டில் பதிவதும், பெட்டகத்தைத் திறப்பதும் ஒருவரே என்ற நிலை நம் சங்கத்தில் பல ஆண்டுகளாக நீடித்தது. இருவர் வைத்திருக்க வேண்டிய இரண்டு சாவிகளும் ஒரே மேசை இழுப்பறையில் கிடந்ததை, பணம் கட்டச் சென்ற உறுப்பினர்களே பார்த்திருக்கிறார்கள். அந்த ஊழியர் விடுப்பே எடுக்காததை நீங்கள் கடமையுணர்வு என்று பாராட்டினீர்கள். தணிக்கை அறிந்தவர்களுக்கு அதுவே முதல் சந்தேகம்: விடுப்பில் போனால் வேறொருவர் கணக்கைப் பார்த்துவிடுவாரே!

அமெரிக்காவின் வெல்ஸ் ஃபார்கோ வங்கியில், வாடிக்கையாளர் அறியாமலே லட்சக்கணக்கில் கணக்குகள் திறக்கப்பட்டது 2016இல் வெளிவந்தபோது, ஏறத்தாழ 5,300 ஊழியர்கள் ஏற்கெனவே நீக்கப்பட்டிருந்தனர். அத்தனை பேரும் பிறவியிலேயே நேர்மையற்றவர்களா? மேலிருந்து திணிக்கப்பட்ட விற்பனை இலக்குகளே அவர்களை நெருக்கின. இதனால் நம் ஊழியர் குற்றமற்றவர் ஆகிவிடமாட்டார்; அதே அறையில் அதே சம்பளத்தில் கைசுத்தமாக இருந்தவர்களும் உண்டு.

ஆகவே, 1983ஆம் ஆண்டின் தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டம் 81ஆம் பிரிவின்கீழ், சங்கத்தின் செயல்பாடு முழுவதையும் விசாரிக்குமாறு பதிவாளரிடம் நீங்களே கோருங்கள். இழப்பை வசூலிக்கும் 87ஆம் பிரிவு நம்பிக்கை மோசடியோடு வேண்டுமென்றே காட்டிய அலட்சியத்தையும் குறிப்பிடுகிறது என்பதால், அந்த விசாரணை குழுவின் மேசைவரை வரக்கூடும், அதற்காகத் தயங்காதீர்கள். விசாரணை முடியும்வரை சாவிகள் இருவரிடம் இருக்கட்டும், அடகு நகைகள் வெளி மதிப்பீட்டாளரைக் கொண்டு உறுப்பினர்கள் முன்னிலையில் எடை பார்க்கப்படட்டும்.

இப்படிக்கு,
சங்க உறுப்பினர் ஒருவர்,
கோத்தகிரி.