செயலாளர் ஆண்டறிக்கை 2024–25: ஆள் கணக்கும் சந்தாக் கணக்கும்

நம் கட்டட ஒப்பந்தக்காரர்கள் சங்கத்தின் மதிப்புக்குரிய தலைவர், பொருளாளர், உறுப்பினர்கள் எல்லோருக்கும் வணக்கம். பொதுக்குழுவில் இதை வாசிக்க ஆரம்பித்து இரண்டாம் பக்கம் திருப்புவதற்குள் பிரியாணி வந்துவிட்டது, மீதியை யாரும் கேட்கவில்லை. அதனால் முழுசாக எழுதி அனுப்புகிறேன். வந்தும் கேட்காதவர்களும், வராதவர்களும் (இவர்கள்தான் அதிகம்) படித்துக்கொள்ளலாம்.

வழக்கமான காரியங்களை முதலில் முடித்துவிடுகிறேன். மே தினத்தில் கொடி ஏற்றினோம். ஜூனில் பிள்ளைகளுக்கு நோட்டுப் புத்தகம் கொடுத்தோம். ஆயுத பூஜை நடந்தது. மூத்த உறுப்பினர் இருவர் காலமானார்கள், இரு வீட்டுக்கும் போய் வந்தோம். டிசம்பர் 30 அன்று விவேகானந்தர் பாறைக்கும் வள்ளுவர் சிலைக்கும் நடுவே 77 மீட்டர் நீளக் கண்ணாடிப் பாலம் திறந்தார்கள் அல்லவா, ஜனவரியில் 14 பேர் போய்ப் பார்த்தோம். மற்ற ஜனங்கள் காலுக்குக் கீழே கடலைப் பார்க்க, நம்மவர்கள் குனிந்து குனிந்து ஜாயிண்டைப் பார்த்தார்கள்.

மாதக் கூட்டம் 12 நடக்க வேண்டும். 9 நடந்தது. அதில் 4 கூட்டத்தில்தான் கோரம் (கூட்டம் செல்லத் தேவையான ஆள் எண்ணிக்கை) இருந்தது.

இனி, சைட்டில் ஆட்கள் வந்து போகிற நேரத்தைப் பதிகிற நேரக் கணக்கு விஷயம். இது செயலாளரின் சொந்தக் கிறுக்கு என்று சிலர் சொல்வது எனக்கும் தெரியும், அதனால் எப்படி ஆரம்பித்தது என்று விளக்கமாகவே எழுதுகிறேன்.

கருங்கல் பக்கம் ஒரு வீடு. வீட்டுக்காரர் வளைகுடாவில். டைல்ஸ் வேலை முடிந்து பில் அனுப்பினால் (ஒருவர் ஒரு நாள் செய்கிற வேலை ஒரு ஆள் என்பது நம் கணக்கு), ராத்திரி போன் போட்டு, “31 ஆள் என்று எழுதியிருக்கிறீர்களே, எந்தெந்த நாள், எத்தனை மணிக்கு வந்தார்கள், எத்தனை மணிக்குப் போனார்கள்?” என்று கேட்டார். அவர் அங்கே வேலைக்குக் கார்டு தேய்த்துவிட்டு உள்ளே போகிற ஆள், கேட்கத்தான் செய்வார். என்னிடம் இருந்தது சிமென்ட் படிந்த ஒரு நாற்பது பக்க நோட்டு. அதில் ஒவ்வொரு பேருக்கு நேராகவும் 1, ½, ¾, ஓரிடத்தில் 1½. அந்த 1½ எதற்கு என்று எனக்கே நினைவில்லை. கடைசியில் 4,500 ரூபாய் குறைத்துக்கொண்டேன். நம்மில் எத்தனை பேர் இப்படிக் குறைத்திருக்கிறோம் என்று மனசாட்சியோடு எண்ணிப் பாருங்கள்.

அப்புறம்தான் ஆகஸ்டு கூட்டத்தில் தீர்மானம் போட்டு, சங்கப் பணத்தில் ஒரு கைரேகை மெஷின் வாங்கினோம். சோதனையாக என் தக்கலை சைட்டில் வைத்தோம். இன்ஜினியருக்கு எடுத்தது, வயரிங் பையனுக்கு எடுத்தது. கொத்தனார் விரல் வைத்தால் மட்டும் சிவப்பு விளக்குதான். அவர் விரலைச் சட்டையில் துடைத்தார், தண்ணீரில் கழுவினார், மறுபடி வைத்தார், கடைசியில் உள்ளங்கையை விரித்துக் காட்டி, “அண்ணாச்சி, எனக்க ரேகையெல்லாம் சிமென்ட்டு தின்னு போச்சு” என்றார். பார்த்தால் விரல் நுனி கண்ணாடி மாதிரி வழுவழு. முப்பது வருஷம் சாந்து அள்ளிய கை. சிமென்ட்டின் காரம் தோலைத் தின்னும் என்பது நமக்குத் தெரியாததா, தெரிந்தும் மெஷின் வாங்கியது என் தப்புதான். அந்த மெஷின் இப்போது அலுவலக பீரோவில் இருக்கிறது. விற்றுவிட்டேன் என்று பேசுகிறவர்கள் வந்து பார்க்கலாம்.

அக்டோபரில் மொபைல் ஆப்புக்கு மாறினோம். வரும்போது ஒரு படம், போகும்போது ஒரு படம், இடம் தானாகப் பதிவாகும். நடுவில் ஆள் எங்கே போகிறார் என்று பார்ப்பதில்லை, அதை முதல் நாளே எல்லோரிடமும் சொல்லிவிட்டோம். போன் இல்லாதவர்களுக்கு மேஸ்திரி போனிலேயே பதியலாம். குலசேகரம் தாண்டி மலைப்பக்கம் டவர் கிடைக்காத சைட் உண்டு, அங்கே போனில் சேமித்து வைத்துக் கீழே இறங்கியதும் ஏறுகிற மாதிரி பார்த்து எடுத்தோம். சித்தாள் பெண்களுக்குச் சொல்லிக் கொடுக்கவே வேண்டியிருக்கவில்லை. நூறுநாள் வேலையில் 2023 ஜனவரி முதல் தினம் இரண்டு தடவை படம் கட்டாயம் ஆனதால், போனைத் தூக்கியதுமே வரிசையாக நின்றுவிட்டார்கள்.

தொழிலாளர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள் என்றுதான் எல்லோரும் பயமுறுத்தினீர்கள். என் சைட்டில் ஒரு கையாள், விடியுமுன் ரப்பர் வெட்டி, பால் எடுத்துக் கொடுத்துவிட்டு ஒன்பதரைக்குத்தான் வருவார். வருஷக்கணக்காக அவருக்கு முக்கால் ஆள் எழுதிக்கொண்டிருந்தேன். பதிவைப் பார்த்தால், எல்லோரும் ஐந்தரைக்குக் கிளம்ப, இவர் சட்டி மண்வெட்டி கழுவி, சுவருக்குத் தண்ணீர் விட்டு, ஆறரைக்குப் போயிருக்கிறார். முழு ஆளில் ஒரு மணி நேரமும் குறையவில்லை. வங்காளப் பையன் ஒருவன் தன் போனில் தானே நாள்வாரியாக மணிக்கணக்கு எழுதி வைத்திருந்தான். என் நோட்டுக்கும் அவன் கணக்குக்கும் ஒரு மாதத்தில் 5 மணி நேரம் வித்தியாசம், சரியாக இருந்தது அவனுடையது.

நவம்பர் மழையில் ஒரு வாரக் கணக்கை உட்கார்ந்து கூட்டினேன். தக்கலை சைட்டில் மட்டும் 41 மணி நேரம் ஆட்கள் சும்மா இருந்திருக்கிறார்கள். மழைக்குப் போனது 12. மீதி 29-இல் 15, சிமென்ட் வரக் காத்திருந்தது: எட்டரைக்கு ஆறு பேர் வந்து நிற்க, லோடு பதினொன்றுக்கு வந்தது, காரணம் முந்தின நாள் கடைக்குப் போன் பண்ண நான் மறந்தது. மோட்டார் ரிப்பேருக்கு 6. ஜன்னல் நிலை வராததற்கு 8. மூன்றரை ஆளுக்கு மேல் கூலி என் மறதிக்கும் மெத்தனத்துக்கும் போயிருக்கிறது, இத்தனை நாள் நான் திட்டிக்கொண்டிருந்தது அவர்கள் சாயா குடிக்கப் போவதை.

இதை டிசம்பர் கூட்டத்தில் சொன்னேன். அங்கேதான் கெட்டது காரியம். முதலில் ஆப்பில் 11 உறுப்பினர்கள் சேர்ந்திருந்தார்கள், மார்ச்சில் மிஞ்சியது 3. ஒரு மூத்த உறுப்பினர் எழுந்து, “ஓய், இது ஆளுக்கு வச்ச மெஷினா, நமக்கு வச்ச மெஷினா?” என்று கேட்டார், எல்லோரும் சிரித்தார்கள். உண்மையான கேள்வி அது.

அவர்கள் விலகியதற்கு இன்னொரு காரணமும் உண்டு, யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. கான்கிரீட் நாள். பாதியில் நிறுத்த முடியாது, நிறுத்தினால் ஜாயிண்ட் விழும் (பழைய கான்கிரீட்டோடு புதியது சரியாக ஒட்டாது), ராத்திரி எட்டானாலும் முடித்தே ஆக வேண்டும். பரோட்டாவும் சால்னாவும் வாங்கிக் கொடுத்து, கையில் நூறு ரூபாய் வைத்தால் ஓ.டி. (கூடுதல் நேரக் கூலி) முடிந்தது என்பதே நம் வழக்கம். 2024–25இல் நடப்பில் இருந்த 1996 ஆம் ஆண்டுக் கட்டடத் தொழிலாளர் சட்டத்தின் 29 ஆம் பிரிவு, நேரத்துக்கு மேல் செய்த வேலைக்கு இரட்டிப்புக் கூலி என்றது. “என்னிடம் ஏழு பேர்தான், அது பத்துப் பேருக்கு மேல் உள்ளவர்களுக்கு” என்று ஒருவர் சொன்னார். போன 12 மாதத்தில் ஏதாவது ஒரு நாள் 10 பேர் இருந்தாலே அந்தச் சட்டம் பொருந்தியது, கான்கிரீட் அன்றைக்கு எத்தனை பேர் நின்றார்கள் என்று அவரே எண்ணிக்கொள்ளட்டும். நானும் யோக்கியனில்லை. மூன்று கான்கிரீட்டுக்கான பாக்கியை ஜனவரியில்தான் கொடுத்தேன். அதே சட்டத்தில், தொழிலாளி நலநிதிப் பயனாளியாகப் பதிய 12 மாதத்தில் 90 நாள் வேலை செய்திருக்க வேண்டும் என்றும் இருந்தது. நாளைக்கு ஒருவர் வந்து 90 நாளுக்கு எழுதிக் கொடுங்கள் என்றால், ½, ¾ நோட்டையா நீட்டுவோம்?

சரி, வரவு செலவு. வரவைவிடச் செலவு கொஞ்சம் கூடுதல், விவரம் பொருளாளரிடம் இருக்கிறது, வேண்டியவர்கள் கேட்டுப் பார்க்கலாம். சந்தா பற்றி மட்டும் தெளிவாகச் சொல்கிறேன்: 52 பேரில் கட்டியவர்கள் 19. வருஷத்துக்கு 600 ரூபாய். பாக்கிக்காரர்களில் இரண்டு பேர் இந்த வருஷம் புது ஜேசிபி எடுத்திருக்கிறார்கள், சந்தோஷம். பெயர் எழுத வேண்டாம் என்று தலைவர் சொன்னதால் எழுதவில்லை.

தலைவர், பொருளாளர், கூட்டத்துக்கு இடம் தந்தவர், நாற்காலி எடுத்துப் போட்ட பையன்கள், பிரியாணி உபயம் செய்தவர், எல்லோருக்கும் நன்றி.

வருகிற வருஷம் செயலாளராக வேறு யாராவது வந்தால் எனக்கு மகிழ்ச்சிதான், பீரோ சாவியோடு மெஷினையும் ஒப்படைத்துவிடுவேன். யாரும் வரவில்லை என்றால் ஆப் தொடரும். ஜனவரியிலிருந்து அதற்கு மாதாமாதம் நான்தான் கைப்பணம் போடுகிறேன், ரசீது பொருளாளரிடம் கொடுத்திருக்கிறேன், அவரும் வாங்கி வைத்துக்கொண்டார், அவ்வளவுதான். ஜூலைக்கான பணம் அடுத்த வாரம் கட்ட வேண்டும்.

சனிக்கிழமை கூலி கொடுத்துவிட்டு ஏழு மணியிலிருந்து ஒன்பது வரை அலுவலகத்தில் இருப்பேன். சந்தா கொண்டுவருகிறவர்கள் சில்லறையாகக் கொண்டுவந்தால் நல்லது.