கார் ஷெட்டைப் பூட்டும் முன்

அன்பு நண்பனுக்கு,

உன் கடிதம் வந்து மூன்று நாள் ஆகிறது. மகளுக்குப் பேறுகாலம் நெருங்குவதையும், நீயும் தங்கச்சியும் நான்கு மாதம் அவளோடு போய் இருக்கப்போவதையும் படித்ததும் மனசு நிறைந்துவிட்டது. அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு நீ என் வீட்டு வாசலில் நின்றது இன்னும் கண்ணுக்குள் இருக்கிறது. அதற்குள் நீ தாத்தா! இங்கே நாங்கள் நலம். என் முழங்கால் வலி குறைந்திருக்கிறது, காலையில் ஒரு மணி நேரம் நடக்கிறேன். பெரியவனுக்கு வேலை மாற்றலாகிவிட்டது, அதனால் வீடு கொஞ்சம் அமைதியாகிவிட்டது.

கடைசி வரியில், “குளிர்காலம் முழுக்கக் கார் ஷெட்டிலேயே நிற்கும், மேலே உறை போட்டுவிட்டுப் போனால் போதும்தானே?” என்று கேட்டிருக்கிறாய். போதாது, எலி குடியேறிவிடும். நானும் மூன்று வருஷத்துக்கு முன் அப்படித்தான் நினைத்தேன். காரைக் கழுவித் துடைத்து, பேட்டரி வயரைக் கழற்றி, தரைவரை தொங்கும் உறையைப் போட்டுவிட்டு நிம்மதியாக இருந்தேன். பனி விலகிய பிறகு சாவியைத் திருப்பினால் என்ஜின் உதறுகிறது, டாஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரிகிறது. ப்ளோயரைப் போட்டேன். கிழிந்த காகிதமும் பஞ்சும் மூத்திர நாற்றமும் முகத்தில் வந்து அடித்தன. மெக்கானிக் ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்தார். உள்ளே இரண்டு கை நிறைய நாய்த் தீவனம்! அதே ஷெட்டின் மூலையில் நான் வைத்திருந்த மூட்டையிலிருந்து எலி ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து சேர்த்திருக்கிறது. என்ஜினுக்குள் பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரின் வயர்கள் செம்பு தெரியும் அளவுக்குக் கடிபட்டிருந்தன. வயரிங்கை மாற்றி முடிக்க இரண்டு வாரம் ஆனது. நீ அந்தக் காருக்காக எத்தனை ஞாயிற்றுக்கிழமைகளைக் கொடுத்திருக்கிறாய் என்று எனக்குத் தெரியும். உனக்கு அது நடக்கக் கூடாது.

காரில் தின்ன ஒன்றும் இல்லையே, எலி எதற்கு வரும் என்று நீ கேட்கலாம். அது தின்ன வருவதில்லை, குடியிருக்க வருகிறது. காற்றுப் படாத, இருட்டான, யாரும் தொந்தரவு செய்யாத ஒரு பொந்து, மெத்தைக்குப் பஞ்சு, இவைதான் அதற்கு வேண்டும். நிறுத்தி வைத்த காரில் எல்லாமே இருக்கின்றன. பானெட்டுக்கு அடியில் ஒட்டியிருக்கும் பஞ்சு, சீட்டு நுரை, காகித ஃபில்டர் எல்லாம் அதற்குக் கூடு கட்டும் சாமான்கள். பற்கள் ஆயுள் முழுக்க வளர்ந்துகொண்டே இருப்பதால் எதையாவது கொறித்தே தீர வேண்டும், கண்முன்னால் வயர் இருந்தால் வயர். சுண்டெலி சினையாகி மூன்று வாரத்தில் ஐந்தாறு குட்டி போட்டுவிடும். அந்தக் குட்டிகள் ஆறு வாரத்திலேயே இனப்பெருக்கத்துக்குத் தயாராகிவிடும். நீ இல்லாத நான்கு மாதத்தை இந்தக் கணக்கோடு சேர்த்துப் பார்.

அதனால் வேலையைக் காரில் ஆரம்பிக்காதே, ஷெட்டில் ஆரம்பி. சுண்டெலி நுழைய 6 மில்லிமீட்டர் சந்து போதும், அதாவது ஒரு பென்சில் கனம். பெரிய எலிக்கு அதைப்போல் இரண்டு மடங்கு. பகலில் ஷெட்டுக்குள் நின்று கதவை மூடிக்கொள், விளக்கைப் போடாதே. எங்கெல்லாம் வெளிச்சம் கீறலாகத் தெரிகிறதோ அதெல்லாம் அதற்கு வாசல். பெரும்பாலும் கதவின் கீழ் ரப்பர், இரண்டு ஓரங்கள், குழாயும் வயரும் சுவரைத் துளைத்து வரும் இடங்கள். நுரை மட்டும் அடைத்தால் கடித்துவிட்டு வந்துவிடும். முதலில் செம்பு வலையோ இரும்பு நாரோ திணித்து, அதன்மேல் நுரையைப் பூசு. தீவனம், பறவைக்குப் போடும் தானியம், விதை எல்லாவற்றையும் ஷெட்டிலிருந்து அப்புறப்படுத்து. வேறு இடமே இல்லையென்றால் மூடியுள்ள தகர டின்னில் போட்டு வை. பிளாஸ்டிக் டப்பா ஒரு ராத்திரிக்குத் தாங்காது. பழைய அட்டைப்பெட்டி, துணி மூட்டை எதுவும் சுவரோரம் கிடக்கக் கூடாது.

அப்புறம் கார். சீட்டுக்கு அடியில், டிக்கியில், கையுறைப் பெட்டியில் ஒரு பிஸ்கட் துணுக்கோ டிஷ்யூ காகிதமோ இல்லாமல் வாக்கூம் போட்டுச் சுத்தம் செய். கண்ணாடிகளை முழுக்க ஏற்றிவிடு. கடைசியாக என்ஜினை அணைக்கும்போது, உள்காற்றையே சுற்ற விடும் பொத்தானை அழுத்திவிட்டு அணை. வெளிக்காற்று வரும் வழி மூடிக்கொள்ளும். சைலென்சர் வாயிலும் ஏர் ஃபில்டருக்குக் காற்று போகும் குழாயின் வாயிலும் கம்பி வலை கட்டு, வலைக்கண் 6 மில்லிமீட்டருக்குக் குறைவாக இருக்க வேண்டும். காற்றுக் குழாயில் மட்டும் இரும்பு நாரைத் திணிக்காதே. அது துருப்பிடித்துத் தூளாகும், அந்தத் தூளை என்ஜின் இழுத்துக்கொள்ளும். அடைத்த இடங்களை ஒரு காகிதத்தில் எழுதி, சிவப்பு நாடாவால் ஸ்டியரிங்கில் கட்டி வை. திரும்பி வருகிற சந்தோஷத்தில் அப்படியே ஸ்டார்ட் செய்துவிடுவோம், அதற்காகச் சொல்கிறேன்.

நான் செய்த இன்னொரு தப்பு அந்த நீளமான உறை. அடியில் இருட்டுக் கூடாரம் மாதிரி ஆகிவிட்டது. ஷெட்டுக்குள் நிற்கிற காருக்குத் தூசிக்காக மெல்லிய, காற்றுப் போகிற உறை போதும், அதையும் கீழ் ஓரத்தைச் சுருட்டி மேலே செருகு. பானெட்டைத் திறந்தே வைக்கிறேன் நான் இப்போது. மூடியிருந்தால்தான் அது பொந்து. பானெட் விளக்கு எரிந்து பேட்டரியைத் தின்னாமல் பல்பை மட்டும் கழற்றிவிடு.

அந்துருண்டை போடலாமா என்று கேட்டிருந்தாய். வேண்டவே வேண்டாம். எலி அதைத் தாண்டிப் போய்விடும், நாற்றம் மட்டும் சீட்டில் மாதக்கணக்கில் தங்கும். அந்த ஆவி மூச்சுக்கும் நல்லதல்ல, பச்சைக் குழந்தையை அந்தக் காரில்தானே அழைத்து வரப்போகிறாய்? புதினா எண்ணெய் வாசம் சில நாளில் போய்விடும். சத்தம் எழுப்பும் கருவிகளுக்கு எலி பழகிவிடும். விஷம் வைப்பது எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துகிற கதை. தின்றது ப்ளோயர் குழாய்க்குள் போய்ச் செத்தால் டாஷ்போர்டையே கழற்ற வேண்டியிருக்கும், செத்த எலியைத் தின்கிற பூனையும் ஆந்தையும் சேர்ந்து சாகலாம். வயரில் சுற்ற, மிளகாய்க் காரம் ஏற்றிய டேப் ஒன்றை ஹோண்டா நிறுவனம் விற்கிறது. கடிபட்ட இடத்தை மாற்றிய பிறகு நானும் சுற்றியிருக்கிறேன். ஆனால் அதை மட்டும் நம்பிக் கதவு இடுக்கை அடைக்காமல் விட்டுவிடாதே.

பழைய மரப் பலகை எலிப்பொறிதான் எனக்கு நம்பிக்கை. எலி மீசையால் தடவிக்கொண்டு சுவரோரமாகவே ஓடும், அதனால் தீனி வைக்கும் முனை சுவரைத் தொடுகிற மாதிரி குறுக்காக வை. சக்கரத்துக்கு ஒன்று, கதவின் இரண்டு பக்கமும் ஒவ்வொன்று. பொறி ஒருமுறை அடித்துவிட்டால் அதோடு அதன் வேலை முடிந்தது, யாராவது வந்து எடுத்து மறுபடி வைக்க வேண்டும். நான்கு மாதம் யாருமே எட்டிப் பார்க்காத ஷெட்டில் நீ என்ன செய்து வைத்தாலும் வீண். உன் மச்சினன் பக்கத்தில்தானே இருக்கிறார்? வாரம் ஒருமுறை டார்ச்சோடு வந்து பொறியையும், பானெட்டுக்குள் புதிதாகப் புழுக்கை கிடக்கிறதா என்பதையும் பார்க்கச் சொல். அரிசி மணி அளவில் கறுப்பாக இருக்கும்.

அவரிடம் ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்லிவிடு, பாசத்தில் காரை ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்து அணைக்க வேண்டாம். அந்தச் சூட்டில் ஆயிலும் சைலென்சரும் காயாது, உள்ளே தண்ணீர்தான் சேரும். பேட்டரியும் செலவழித்ததைத் திரும்பப் பெறாது. பேட்டரிக்குத் தானாக நின்று நின்று சார்ஜ் ஏற்றும் சிறிய சார்ஜர் மாட்டிவிடு. முழுச் சார்ஜில் இருக்கும் பேட்டரி −50 டிகிரியிலும் உறையாது, தீர்ந்துபோனது −10 டிகிரி வாக்கிலேயே உறைந்து வெடிப்பு விடும். ஆயிலைப் போகும் முன்பே மாற்று. டாங்கில் பெட்ரோல் நிரப்பி, கெடாமல் இருக்கும் மருந்து ஊற்றி, பத்து நிமிடம் ஓட்டிவிட்டு நிறுத்து. டயரில் காற்று கொஞ்சம் கூடுதலாக இருக்கட்டும். ஹேண்ட் பிரேக் போடாதே, பிடித்துக்கொள்ளும். சக்கரத்துக்குக் கட்டை வை.

திரும்பி வந்ததும் முதலில் ஏர் ஃபில்டர் பெட்டியையும், காருக்குள் வரும் காற்றை வடிகட்டும் கேபின் ஃபில்டரையும் திறந்து பார், பிறகு சாவி. சைலென்சர் குழாய் மேல் கூடு இருந்தால் சூட்டில் தீப்பிடிக்கும். புழுக்கை இருந்தால் பெருக்காதே, வாக்கூமும் போடாதே. தூசி வழியாக, எலியிடமிருந்து தொற்றும் ஹான்டா வைரஸ் வர வாய்ப்புண்டு. கதவுகளை அரை மணி நேரம் திறந்து வைத்து, கையுறை போட்டு, ஒரு பங்கு ப்ளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து நனைய விட்டு, ஐந்து நிமிடம் கழித்துக் காகிதத்தால் துடைத்து எடு. தங்கச்சியையும் குழந்தையையும் அதுவரை ஷெட்டுப் பக்கம் விடாதே.

ஜனவரி நடுவில் எனக்கு அந்தப் பக்கம் ஒரு வேலை இருக்கிறது. ஷெட்டுச் சாவியில் ஒன்றை மச்சினனிடம் கொடுத்துவிட்டுப் போ. நான் போய் பானெட்டுக்குள் தலையை விட்டுப் பார்த்து, உனக்கு அன்றைக்கே எழுதுகிறேன். நீ அதற்குள் பிள்ளைக்கு என்ன பெயர் வைத்தீர்கள் என்று எனக்கு எழுது.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்