ஸ்கூட்டரை விற்கும் முன்

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீ சொன்ன 'கன்ஃபெஷன்ஸ் ஆஃப் எ ஷாப்பஹாலிக்' படத்தை நேற்று ராத்திரி நானும் அம்மாவும் பார்த்தோம். அம்மா ஒரே சிரிப்பு. அதுவும் அந்த ஹாட் டாக் வண்டி இடத்தில்! பச்சை ஸ்கார்ஃப் 120 டாலர். கிரெடிட் கார்டு ஒவ்வொன்றாகத் தேய்த்தும் கதாநாயகி ரெபெக்காவுக்கு 20 டாலர் குறைகிறது. உடனே வண்டிக்காரரிடம் ஓடி, "செக் தருகிறேன், மீதியை ரொக்கமாகக் கொடுங்கள்" என்கிறாள்! அங்கே நிற்கும் ஒருவன் 20 டாலரைக் கொடுக்கிறான். அவன்தான் சேமிப்புப் பத்திரிகையின் எடிட்டர் என்று அப்புறம் தெரிகிறது.

கழுத்தளவு கடனில் இருப்பவள் அந்தப் பத்திரிகையிலேயே எழுதி ஊருக்கெல்லாம் சிக்கனம் சொல்கிறாள். ஆனால் நன்றாகத்தான் எழுதுகிறாள். கடையும் கார்டும் ஆளை எப்படி மயக்கும் என்று அவளைவிட யாருக்குத் தெரியும்? படம் வந்தது 2009 பிப்ரவரியில். அமெரிக்காவில் லட்சக்கணக்கில் வேலை போய்க்கொண்டிருந்த நேரம் அது. சிரிக்க எத்தனை பேருக்கு மனசு வந்ததோ.

எனக்குப் பிடித்தது அவள் அப்பாதான். ஜான் குட்மன் நடித்திருக்கிறார். சேமிப்பைப் போட்டு வாங்கிய, உள்ளேயே தங்கிப் பயணம் போகிற வீட்டு வண்டியை, மகளின் கடனுக்காக விற்றுவிடுகிறேன் என்கிறார். அமெரிக்காவே பில்லியன் கணக்கில் கடனை வைத்துக்கொண்டு பிழைக்கவில்லையா, நீயும் பிழைப்பாய் என்று தேற்றவும் செய்கிறார். அந்த இடத்தில் அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். நம்மிடம் விற்பதற்கு ஸ்கூட்டர்தான் இருக்கிறது.

அந்தப் பெண் வண்டியை விற்க விடவில்லை. தன் துணிமணிகளை ஏலம் விட்டாள். துரத்தித் துரத்திக் கடன் கேட்டவருக்குச் சில்லறையாகக் கொட்டிக் கொடுத்தாள். அந்த ஸ்கார்ஃபை ஆள் வைத்துக் காதலனே ஏலத்தில் எடுப்பதெல்லாம் சினிமா. போட்டுப் பழகிய துணிக்கு நிஜத்தில் யார் அந்த விலை கொடுப்பார்கள்?

சரி, உன் கார்டு விஷயத்துக்கு வருகிறேன். மினிமம் டியூவை, அதாவது பில்லில் குறைந்தபட்சம் கட்டச் சொல்லும் தொகையை, கட்டிவிட்டேன் என்று போனில் பெருமையாகச் சொன்னாய். அதைக் கட்டினால் அபராதம் வராது, அவ்வளவுதான். மிச்சத்துக்கு வட்டி மாதம் 3, 3.5 சதவீதம் என்று ஏறும். வருஷத்துக்குப் பார்த்தால் 36, 42 சதவீதம் ஆகிவிடும். அது போதாதென்று, பாக்கி நிற்கும் வரைக்கும் புதிதாக வாங்குவதற்கும் வட்டியில்லாத நாட்கள் கிடையாது. வாங்கிய அன்றே வட்டி ஓட ஆரம்பித்துவிடும். அதனால் முதலில் பாக்கியை முழுசாக அடை, புதுச் செருப்பை அப்புறம் பார்க்கலாம்.

பாக்கி எவ்வளவு என்று சொல். என்னிடம் சொல்லத் தயக்கமாக இருந்தால் அம்மாவிடம் சொல். சாயங்காலத்துக்குள் அவள் என்னிடம் சொல்லிவிடுவாள்.

அன்புடன்,
அப்பா